மூன்று புள்ளி வண்டி

மார்ச் 4

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

பொருள்: எனது நான்கு சக்கர இயக்க வாகனத்துக்குத் தண்ணீர் பம்ப் கோருதல் – தொடர்பாக.
பார்வை: கடந்த ஞாயிறன்று எங்கள் வீட்டு வாசலில் தாங்கள் சிரித்த சிரிப்பு.

என் மகளின் பிறந்தநாளுக்கு வந்த தாங்கள், கேக் வெட்டும் முன்பே வாசலில் நின்ற என் வண்டியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "இதுக்கு இருபத்திரண்டு வயசா மாப்ளே? ஓட்டப் போறீங்களா, பென்ஷன் வாங்கிக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அதற்கு நான், ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்றேன். அதை வாபஸ் வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

வண்டி பழையது அல்ல, முதிர்ந்தது. இப்போது வரும் கார்கள் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் டப்பாக்கள். இது இரும்பு. மலை ஏறும், ஆறு தாண்டும். இந்த மாடல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். உதிரி பாகம் தங்கள் பழைய இரும்புக் கிடங்கில்தான் கிடைக்கும் என்பது என் துரதிர்ஷ்டம். ஆகவே உறவினராக அல்ல, வாடிக்கையாளராக எழுதுகிறேன். தாங்கள் அழைத்தால் போனை எடுக்க மாட்டேன். இனி எல்லாம் எழுத்து மூலமாக மட்டுமே.

இப்படிக்கு,
தலைமை எழுத்தர், நில அளவை அலுவலகம்
(தங்கள் தங்கையின் கணவர்)


மார்ச் 8

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது.

உங்கள் ஆபீஸ் காகிதம் வந்தது. என் சிரிப்பைப் 'பார்வை'யில் போட்டு யாரும் எனக்கு இதுவரை எழுதியதில்லை. கிடங்கு வாசலில் ஒட்டி வைத்திருக்கிறேன். திருட்டு சைலன்சர் விற்க வந்த ஒருத்தன் அதைக் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து வந்த வழியே ஓடிவிட்டான். இதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பம்ப் பார்சல் பஸ்ஸில் வருகிறது. பெட்டியைத் திறக்கும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு திறக்காதீர்கள்.

படிக்காதவன் சொல்கிறேன், கேளுங்கள். வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் தொழில். இந்த மாதிரி வண்டி வாங்குகிற ஆசாமிகள் எல்லோரும் ஒரே ஆள்தான், முகம்தான் வேறு வேறு. முதல் தடவை வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். வாயைத் திறந்தால் மலை, காடு, ஆறு. இரண்டாம் தடவை வரும்போது நகக் கண்ணில் கிரீஸ். மூன்றாம் தடவை சம்சாரமும் கூட வந்து வெளியிலேயே நின்று மணி பார்ப்பார். நான்காம் தடவை வண்டியே வரும். என் லாரிக்குப் பின்னால் கயிறு கட்டிக்கொண்டு.

விற்றவன் உங்களிடம் சொன்ன விலை வெறும் அட்வான்ஸ். மீதியை வண்டி தானே வசூல் பண்ணிக்கொள்ளும். முதலில் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளும். அப்புறம் இடுப்பு. அப்புறம் வீட்டில் உங்களுக்கு இருக்கிற கொஞ்ச மரியாதை. பெட்ரோலைக் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தாகம் எடுக்கும்.

ஹாரன் தொண்டை கட்டினது போல இருக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். இந்த மாடலுக்கு ஹாரன் ஆயில் என்று தனியாக உண்டு, நாற்பதாம் நம்பர். பெரிய கடைகளில் கேளுங்கள். இல்லை என்பார்கள், விடாதீர்கள். ஒளித்து வைத்திருப்பார்கள்.

உங்கள் மச்சான்


மார்ச் 19

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

பொருள்: வலது முன் சக்கரப் பூட்டு கோருதல்.
பார்வை: ஹாரன் ஆயில்.

நான்கு கடைகளில் கேட்டேன். நான்காவது கடைக்காரர் உள்ளே இருந்த வேலையாட்கள் அனைவரையும் வெளியே அழைத்து, "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவி சிரித்தபோதுதான், அப்படி ஒரு ஆயிலே கிடையாது என்று புரிந்தது. இத்தகைய மனிதருடன் உறவு வைத்திருப்பது குறித்து வெட்கப்படுகிறேன். ஆனாலும் பம்ப் சரியாகப் பொருந்தியது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

ஒரு சிறு சோதனை ஓட்டத்தின்போது வலது முன் சக்கரத்தின் நடுவிலுள்ள பூட்டு உடைந்துவிட்டது. அதை அனுப்பவும். நையாண்டி வேண்டாம், பூட்டு மட்டும் போதும்.

இந்த வண்டியை ஏன் வாங்கினேன் என்று தாங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் ஏறி அளந்த மலைகளை நான் நாற்காலியில் உட்கார்ந்து நகல் எடுக்கிறேன். மேற்குத் தொடரில் 114 என்று ஒரு எல்லைக் கல் இருக்கிறது. ஆயிரம் தடவை அந்த எண்ணை எழுதியிருப்பேன். அந்தக் கல்லை ஒரு தடவை கையால் தொட வேண்டும். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, நானே ஓட்டிப்போய். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தால் தாங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
தலைமை எழுத்தர்


மார்ச் 23

மாப்பிள்ளைக்கு,

பூட்டு வருகிறது. ஒன்றுக்கு இரண்டாகவே வைத்து அனுப்பியிருக்கிறேன். மற்றதையும் நீங்கள் உடைப்பீர்கள்.

'சிறு சோதனை ஓட்டம்' என்றீர்களே, அதைத் தங்கச்சி போனில் முழுசாகச் சொன்னாள். உங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற பந்து விளையாடுகிற மைதானம். மழை பெய்து முடிந்திருந்தது. மேலதிகாரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் உள்ளே உட்கார்ந்தபடியே கம்பியை இழுத்து, "இப்ப பாருங்க, நாலு சக்கரமும் இழுக்கும்" என்றீர்கள். பன்னிரண்டு அடி போனது. பிறகு போகவில்லை.

மாப்பிள்ளை, அந்தப் பூட்டு எதற்கு என்று நினைத்தீர்கள், அழகுக்கா? இந்தப் பழைய மாடலில் ஓட்டுகிறவர் இறங்கி, சேற்றில் குனிந்து, இரண்டு முன் சக்கரத்துப் பூட்டையும் கையால் திருப்ப வேண்டும். அப்போதுதான் முன் சக்கரம் இழுக்கும். இல்லாவிட்டால் உள்ளே நீங்கள் கம்பியை இழுக்கிற சங்கதி முன் சக்கரத்துக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் இறங்கவில்லை. ஏன் என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"புது ஷூ அண்ணே" என்றாள்.

"அப்ப தள்ளினது யாரு?"

"நான்தான்."

"அவரு?"

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு எனக்குத் தைரியம் சொன்னாரு."

கடைசியில் பால் வண்டிக்காரர் கயிறு போட்டு இழுத்தாராம். பால் வண்டி, மாப்பிள்ளை. ஆறு தாண்டுகிற இரும்பை, தயிர் பாக்கெட் ஏற்றுகிற டப்பா இழுத்துக்கொண்டு போய்க் கரையேற்றியது. அதற்கப்புறம் கோபத்தில் நீங்கள் பூட்டைக் கல்லால் தட்டியிருக்கிறீர்கள்.

கல்லைத் தொட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லைதான். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மச்சான்


ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

பொருள்: கிளட்ச் பிளேட் கோருதல். மிக அவசரம்.

வரும் 25ஆம் தேதி சனிக்கிழமை காலை, குடும்பத்துடன் 114க்குப் புறப்படுகிறோம். அலுவலகத்தில் விடுப்புக் கிடைத்துவிட்டது. கிளட்ச் மட்டும் வழுக்குகிறது. மலைப்பாதை கடைசி ஆறு மைல் செங்குத்து என்பதால் புதுப் பிளேட் அவசியம். ஒரு வாரத்துக்குள் அனுப்பவும்.

மேலும், தாங்கள் இவ்வளவு நாளாகக் கேலி செய்த வண்டி சாதாரண வண்டி அல்ல என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். நேற்று நானே அடியில் படுத்து, சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தைத் துடைத்தேன். (ஆம், பழைய சட்டைதான்.) ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், இடது பக்கத்தில், பச்சைப் பெயின்டுக்கு அடியில் மூன்று புள்ளிகள் வரிசையாகக் குத்தப்பட்டுள்ளன. பக்கத்தில் ஒரு தழும்பு போன்ற கோடு. இது கம்பெனி தேர்ந்தெடுத்த சில வண்டிகளுக்கு மட்டும் வைத்த முத்திரை என்பது என் கணிப்பு. எங்கள் துறையில் கற்களுக்கும் இப்படித்தான் குறி இடுவார்கள். பல் டாக்டரிடமும் காட்டினேன். அவரும் அபூர்வம் என்றார்.

சிரித்தவர்கள் இப்போது என்ன சொல்லப் போகிறார்கள்?

இப்படிக்கு,
தலைமை எழுத்தர்


ஏப்ரல் 9

மாப்பிள்ளை,

வண்டியை எடுக்காதீர்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து தெருமுனைக்குக்கூட எடுக்க வேண்டாம். தங்கச்சியையும் குட்டியையும் அதில் ஏற்றவே வேண்டாம்.

அந்த மூன்று புள்ளி கம்பெனி வைத்ததல்ல. நான் வைத்தது.

பதினோரு வருடம் இருக்கும். என் கிடங்குக்கு இந்த மாடலில் இரண்டு வண்டி வந்தது. ஒன்று முன்னால் நசுங்கினது, ஒன்று பின்னால் நசுங்கினது. குவாரிக்காரர் ஒருவர் வந்தார். "நல்ல பாதி ரெண்டையும் ஒட்டிக் குடு, குவாரிக்குள்ள கல்லு ஏத்த மட்டும்தான். ரோட்டுக்கே வராது" என்றார். நடுவில் அறுத்து நானே வெல்டிங் வைத்தேன். உங்கள் தழும்புக் கோடு அதுதான். நான் ஒட்டினதையே பின்னால் ஒருநாள் முழு வண்டி என்று ஏமாந்து நானே வாங்கிவிடக் கூடாதே என்று பக்கத்தில் மூன்று புள்ளி குத்தினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள யோசனை வந்தது. மற்றவர்கள் ஏமாந்தால் என்ன என்று யோசிக்க வரவில்லை.

குவாரி மூடியிருக்கும். எவனோ பச்சைப் பெயின்ட் அடித்து உங்கள் தலையில் கட்டிவிட்டான். மெதுவாகப் போகிற வண்டிக்குப் போட்ட ஒட்டு அது. செங்குத்தில், பள்ளத்தில், ஆள் ஏற்றிக்கொண்டு போனால் வண்டியின் முதுகெலும்பே நடுவில் விட்டுப் போகும்.

அன்றைக்கு உங்கள் வாசலில் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவன் எங்கே குனிவான்?

கிளட்ச் பிளேட் என் மேஜை மேல் இருக்கிறது. அங்கேயேதான் இருக்கும்.

மச்சான்


ஏப்ரல் 13

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

பொருள்: தங்கள் அடுத்த நகைச்சுவை.
பார்வை: ஹாரன் ஆயில், நம்பர் நாற்பது.

கடிதம் கிடைத்தது. முந்தையதைவிட நன்றாக இருக்கிறது. குவாரிக்காரர் பாத்திரம் சிறப்பு. ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை கிடைத்துவிடுமோ என்றதும், அதையும் தாங்களே செய்ததாகச் சொல்லிவிட்டீர்கள். பொறாமைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

என் மனைவியிடம் காட்டினேன். "எங்க அண்ணன் என் கல்யாணத்தன்னைக்கே, மாப்பிள்ளை ஓடிட்டாருன்னு சொல்லி என்னை அழ வச்சவரு" என்று மட்டும் சொன்னாள்.

கிளட்ச் பிளேட் வேறொரு கிடங்கில் கிடைத்துவிட்டது. நாளை மாட்டுகிறார்கள். 25ஆம் தேதி காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். இனி தங்கள் கடிதங்கள் தேவையில்லை.

தலைமை எழுத்தர்


ஏப்ரல் 17

மாப்பிள்ளை,

முந்தாநாள் நேரிலேயே வந்தேன். அது உங்களுக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் படுத்து ஆக்ஸா பிளேடு வைத்து அந்தப் பெயின்டைச் சுரண்டினேன். உங்கள் பல் டாக்டர் "திருடன், திருடன்" என்று கத்தினார். என் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் ஜன்னலைத் திறந்து, "எழுத்து மூலமாக" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினீர்கள். தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். எட்டு மணி நேர பஸ், மாப்பிள்ளை. திரும்பவும் எட்டு மணி நேரம்.

வழியெல்லாம் யோசித்தேன். உங்கள் மேல் கோபமே வரவில்லை. இருபத்தைந்து வருடம் நான் பேசினதெல்லாம் வேடிக்கை. கல்யாண வீட்டிலும் வேடிக்கை, ஆஸ்பத்திரியிலும் வேடிக்கை. நிஜமாக ஒன்று சொல்ல வேண்டிய நாள் வந்தபோது, சொல்ல என்னிடம் வேறு குரல் இல்லை. தங்கச்சிக்கு நேற்று போன் போட்டேன். பேச ஆரம்பிக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

என்னை நம்ப வேண்டாம். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் நம்பினது காகிதம் ஒன்றைத்தான். அதையே நம்புங்கள். சுவரில் விரிசல் விட்டால் அது வளர்கிறதா என்று பார்க்க, குறுக்கே காகிதத் துண்டு ஒட்டி வைப்பார்கள். உங்கள் ஆபீஸ்காரர்களுக்கே அது தெரியும். நான் சுரண்டின இடத்தில், அந்தத் தழும்புக் கோட்டின் மேல் குறுக்காக ஒரு துண்டு ஒட்டுங்கள். நல்ல பசை, இறுக்கமாக. ஒரு பக்கம் உங்கள் கையெழுத்துப் போடுங்கள், முத்திரையும் குத்துங்கள், அப்போதுதான் உங்களுக்குத் திருப்தி. காய்ந்த பிறகு பேக்கரி முனை வரை மெதுவாக ஒரு தடவை, ஒரே தடவை, தனியாக ஓட்டுங்கள். தனியாக.

காகிதம் அப்படியே இருந்தால் நான் பொய்யன். உங்கள் வாசலுக்கு வந்து நாற்பதாம் நம்பர் ஆயில் குடிக்கிறேன்.

இதில் ஒரு வரிகூட வேடிக்கை இல்லை. கடைசி வரியைத் தவிர.

மச்சான்


ஏப்ரல் 24

பொருள்: காகிதம்.

தங்களைப் பொய்யர் என நிரூபிக்கும் நோக்கத்தோடுதான் ஒட்டினேன். பல் டாக்டரைச் சாட்சியாக வைத்தேன். கையெழுத்திட்டு, தேதி போட்டு, அலுவலக முத்திரையும் குத்தினேன்.

தனியாகத்தான் கிளம்பினேன். குட்டி ஓடி வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். இறக்கிவிட்டிருக்க வேண்டும். நாளைக்கு மலைக்குப் போகிற வண்டியில் தெருமுனை வரை உட்காரக் கூடாதா என்று அவள் கேட்டாள். கூடாது என்றால் தங்களை நம்பியதாக ஆகிவிடும்.

முதல் வேகத்தடையில் அவள், "அப்பா, தரை பேசுது" என்றாள். அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். வாங்கிய நாளிலிருந்து கேட்கிறேன். கெட்டியான வண்டியின் சத்தம் என்று நினைத்திருந்தேன். வண்டியை அங்கேயே நிறுத்தி, அவளை நடத்திக் கூட்டி வந்துவிட்டேன். பிறகு தள்ளிக்கொண்டு வந்தோம். நானும் பல் டாக்டரும் பேக்கரிக்காரரும். இந்த முறை நான் ஸ்டியரிங்கில் உட்காரவில்லை.

காகிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இரண்டு துண்டு. கிழிசல் என் கையெழுத்தின் நடுவில் போகிறது. விரிசலில் என் விரல் நகம் நுழைகிறது.

இன்று இரவு ஏழு வருடத்துக்குப் பிறகு என் மனைவி என் முன்னால் அழுதாள். வண்டிக்காக அல்ல. "எங்க அண்ணன் போன்ல அழுதிருக்காரு, நான் சிரிச்சேன்" என்றாள்.

வண்டியை எடுத்துப் போகவும்.


மே 1

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் அனுப்பின இரண்டு துண்டையும் கிடங்கு வாசலில், முதல் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

லாரியில் ஏற்றும்போது நீங்கள் வெளியே வரவில்லை. பரவாயில்லை. கறுப்புக் கண்ணாடியோடு வந்து நிற்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. வண்டிக்கு நீங்கள் கொடுத்த பணத்தைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டேன். திருப்பி அனுப்பினால் அடுத்த பார்சலில் ஹாரன் ஆயிலாக வரும்.

நேற்று நானே அறுத்தேன். என் வெல்டிங் விடவில்லை மாப்பிள்ளை. அதற்குப் பக்கத்து இரும்புதான் விட்டிருக்கிறது. ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது, அவ்வளவு கேவலமானவன் நான். பள்ளத்தில் விழுகிறவர்களுக்கு எது விட்டால் என்ன? பின் சீட்டுக்கு அடியில் குட்டியின் கலர் பென்சில் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் கட்டரை நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

முந்தின கடிதத்தில் ஒன்றை எழுதவில்லை. இந்த மாதிரி நான் ஒட்டி, மூன்று புள்ளி குத்தினது மொத்தம் நான்கு. உங்களுடையது ஒன்று. மீதி மூன்றும் எங்கேயோ பச்சையோ நீலமோ பெயின்ட் அடித்துக்கொண்டு, யாரோ ஒருவர் துடைத்துத் துடைத்துப் பெருமைப்படுகிற வண்டியாக நிற்கிறது. பின் சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். தேடப் போகிறேன். எல்லாக் கிடங்குக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் எழுத வேண்டும். பத்திரிகையிலும் போட வேண்டும்.

நான் எழுதினால் சிரிப்பார்கள். நீங்கள் எழுதுங்கள். பொருள், பார்வை எல்லாம் போட்டு. உங்கள் எழுத்தைப் பார்த்து இதுவரை சிரித்தவன் நான் ஒருத்தன்தான்.

மச்சான்


மே 11

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

தாங்கள் கேட்ட அறிவிப்பு இத்துடன்:

"பொருள்: இரண்டு பாதிகளை இணைத்து ஓடும் பழைய வாகனங்களை உடனே நிறுத்துதல். பார்வை: ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், சேஸிஸின் இடப்புறம், வரிசையாக மூன்று புள்ளி. இதைக் காண்போர் அது சிறப்பு முத்திரை என எண்ண வேண்டாம். அப்படி எண்ணிய ஒருவர் இதை எழுதுகிறார்."

கடைசி வரி வழக்கமான அலுவலக நடை அல்ல. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். நாற்பது பிரதிகள் எடுத்திருக்கிறேன். தேவைப்பட்டால் இன்னும் எடுப்பேன். நகல் எடுப்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

பத்திரிகை விளம்பரத்தில் தங்கள் பெயரோடு என் பெயரும் வரட்டும். இதுகுறித்து விவாதம் வேண்டாம்.

பிற்சேர்க்கை: நேற்று 114ஐத் தொட்டேன். மூவரும் தொட்டோம். கல்லின் தலையில் பாசி, காலில் எறும்புப் புற்று. குட்டி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். எப்படிப் போனீர்கள் என்று கேட்பீர்கள் என்பதால் நானே தெரிவிக்கிறேன். காலை ஏழு பத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. விசாரித்ததில், பல வருடமாகவே ஓடுகிறதாம். கல்லிலிருந்து முந்நூறு அடி தள்ளி நிற்கிறது. ஓட்டுநர் எங்களுக்கு முன்பே இறங்கிப் போய் அதன் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

தாங்கள் இப்போது சிரிப்பீர்கள். அதையும் எழுத்து மூலமாக மட்டுமே சிரிக்கவும். என் மனைவி படித்துக் காட்டச் சொல்கிறாள்.

தங்கள் மாப்பிள்ளை